உப்புக்குள் ஒரு வீடு – 12: எட்டுத் திசைக்கும் கை நீட்டும் பெர்ரீனேட்

சிலி நாட்டின் தாமிரச் சுரங்கங்களில் தாமிரத்தோடு ஒட்டிக்கொண்டு மாலிப்டினைட் என்ற சாம்பல் நிறத் தாதுவும் வெளியே வருகிறது. அதை உலையில் போட்டு வறுத்தால் மாலிப்டினம் ஆக்சைடாக மாறி உலையிலேயே தங்கிவிடும். அதனுள் துளியூண்டு ஒளிந்திருக்கும் ரீனியமோ, ரீனியம் ஹெப்டாக்சைடு ஆவியாகிப் புகையோடு கிளம்பிவிடும். அந்தப் புகையைத் தண்ணீரில் கழுவிப் பிடித்து, மற்றவற்றைப் பிரித்துவிட்டு அம்மோனியா சேர்க்கிறார்கள். அடியில் படிவது சர்க்கரை போன்ற வெள்ளைப் படிகம்: அம்மோனியம் பெர்ரீனேட். ஹைட்ரஜனில் சூடாக்கினால் அதுவே ரீனியம் உலோகப் பொடியாகிவிடும். 3,186 டிகிரி செல்சியஸில்தான் உருகும் உலோகம் என்பதால், ஜெட் எஞ்சினின் டர்பைன் தகடுகளுக்கான நிக்கல் கலவையில் அதற்குக் கிராக்கி அதிகம்.

1925-ல் பெர்லினில் வால்ட்டர் நொடாக், ஈடா டாக்கே, ஓட்டோ பெர்க் மூவரும் இந்தத் தனிமத்தைக் கண்டறிந்தார்கள். ரைன் நதியின் பெயரைச் சூட்டினார்கள். மூன்று வருடம் கழித்து ஒரே ஒரு கிராம் ரீனியம் எடுக்க அவர்களுக்கு 660 கிலோ மாலிப்டினைட் தேவைப்பட்டது.

தொண்டை கொப்பளிக்கவும் கிணற்றில் போடவும் பயன்பட்ட பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் கருஊதாவை அறியாதவர் குறைவு. தனிம அட்டவணையில் ரீனியம் உட்கார்ந்திருப்பது அதே மாங்கனீசு குடும்பத்தில், இரண்டு வரிசை கீழே. ஆனால் பொட்டாசியம் பெர்ரீனேட்டில் நிறமே கிடையாது. இரண்டிலும் அயனியின் உருவம் ஒன்றுதான்: நடுவில் உலோகம், சுற்றி நான்முகியின் நான்கு முனைகளில் நான்கு ஆக்சிஜன். பெர்மாங்கனேட் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்குகிறது; பெர்ரீனேட்டோ புற ஊதாக் கதிரைத்தான் விழுங்குகிறது. நம் கண்ணுக்கு அது வெறும் வெள்ளை உப்பு.

அந்த நான்முகி ஒரு கெட்டிச் சமாச்சாரம். ரீனியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே சுமார் 1.72 ஆங்ஸ்ட்ராம். எந்த உப்புக்குள் போனாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. மாறுவதெல்லாம் பக்கத்தில் குடிவரும் உலோகம் இந்த நான்முகிகளைத் தன்னைச் சுற்றி எப்படி அடுக்கிக்கொள்கிறது என்பதுதான்.

பொட்டாசியம் பெர்ரீனேட்டையே எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த நீரில் அது அவ்வளவாகக் கரையாது. 100 மில்லி தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு கிராம். பெர்ரீனிக் அமிலத்தில் பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஊற்றினால் வெள்ளையாக இறங்கிவிடும். அந்தப் படிகத்தின் அலகுக்கூடு ஒரு நெட்டைப் பெட்டி: அடிப்பக்கம் 5.68 ஆங்ஸ்ட்ராம் சதுரம், உயரம் 12.7. உள்ளே ஒவ்வொரு பொட்டாசியத்தையும் எட்டு ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கின்றன. அந்த எட்டும் எட்டு வெவ்வேறு பெர்ரீனேட்டுகளிலிருந்து நீண்டு வருபவை. எந்தப் பெர்ரீனேட்டும் ஒரே பொட்டாசியத்தை இரண்டு கையால் பிடிப்பதில்லை. திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு பெர்ரீனேட்டும் எட்டுப் பொட்டாசியங்களைத் தொடுகிறது. கை நான்குதானே என்று கேட்கலாம். ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு பொட்டாசியங்களைத் தொடுவதால் கணக்கு நேராகிவிடுகிறது.

இந்த அடுக்குமுறைக்கு ஷீலைட் என்று பெயர். அது கால்சியம் டங்ஸ்டேட் கனிமத்தின் பெயர். சுவீடன் வேதியியலாளர் ஷீலேயிடமிருந்து வந்தது. எக்ஸ் கதிர் கொண்டு 1920-ல் அதன் கட்டமைப்பை விடுவித்தவர் ராஸ்கோ டிக்கின்சன். பின்னாளில் லைனஸ் பாலிங்குக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்தவரும் இவரே. சோடியம், ருபீடியம், வெள்ளி, அம்மோனியம் ஆகியவற்றின் பெர்ரீனேட்டுகளும் இதே வீட்டில்தான் வசிக்கின்றன. ஆளின் பருமனுக்கேற்ப அறை கொஞ்சம் பெருக்கும், சிறுக்கும். சீசியம் வந்தால்தான் சிக்கல். அதன் உடம்புக்கு இடம் போதாமல் வீடு சற்றே கோணி, அடிப்பக்கச் சதுரம் செவ்வகமாகிவிடுகிறது. சூடாக்கினால் மறுபடி ஷீலைட்டுக்கே திரும்பும்.

இரட்டை மின்சுமை கொண்ட மாங்கனீசு, கோபால்ட், நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கதை வேறு. இவை கேட்பது ஆறு ஆக்சிஜன், எண்முகி வடிவில். ஆனால் பெர்ரீனேட்டின் ஆக்சிஜன்களிலிருந்து எலக்ட்ரானை நடுவிலிருக்கும் ரீனியம் தன் பக்கம் இழுத்து வைத்திருப்பதால் வெளி உலோகத்துக்குக் கொடுக்க அவற்றிடம் மிச்சம் குறைவு. தண்ணீர் பக்கத்தில் இருந்தால் அது முந்திக்கொள்ளும். கரைசலிலிருந்து வரும் படிகம் நீரையும் சேர்த்தே கொண்டுவரும். நீரை விரட்டிவிட்டால் வேறு வழியின்றி ஆறு பெர்ரீனேட்டுகள் உலோகத்துக்கு ஆளுக்கொரு முனையைக் கொடுக்கின்றன. ஒவ்வொரு பெர்ரீனேட்டும் மூன்று முனைகளால் மூன்று உலோகங்களைப் பிடித்துத் தட்டையான அடுக்கு ஆகிறது. நான்காவது முனை யாரையும் பிடிக்காமல் அடுக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

நான்முகி கெட்டியானது என்று சொன்னதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு, அதுவும் ரீனியத்தின் சொந்த ஆக்சைடிலேயே. புகையில் வந்த ஹெப்டாக்சைடு திடப்பொருளாகும்போது பாதி ரீனியங்கள் நான்கு ஆக்சிஜனோடும், மீதிப் பாதி ஆறோடும் மாறி மாறிக் கோத்துக்கொள்கின்றன. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் அந்தக் கோப்பு அறுந்து, இரண்டிரண்டு ரீனியம் கொண்ட மூலக்கூறுகளாகும். ஒன்று நான்முகியாகவே நிற்க, இன்னொன்று இரண்டு நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு ஆறை நிரப்பும். திடமான பெர்ரீனிக் அமிலம் என்பது இதுதான். இன்னும் நிறையத் தண்ணீர் ஊற்றினால் எல்லாமே பெர்ரீனேட் நான்முகிகளாகப் பிரிந்துவிடும்.

(தொடரும்)