கடலடியில் ஓர் அடுக்களை

ஜேர்மனியின் லாபோ கடற்கரையில், 1972 முதல் நூதனசாலையாக விளங்கும் ‘யூ-995’ என்னும் நீர்மூழ்கிக் கப்பலினுள் நுழைந்தேன். நீளம் 67 மீற்றர். அதனுள் ஏறக்குறைய ஐம்பது மாலுமிகள். அத்தனை பேருக்கும் உணவாக்கக் கைநீட்ட இடமற்றதோர் அடுக்களை!

இவ்வகைக் கப்பல்கள் புறப்படுகையில், இரு மலகூடங்களுள் ஒன்று உணவுக் களஞ்சியமாகிவிடும். சில வாரங்களிற் பாணை வெண்பூஞ்சணம் போர்த்துவிடும். அதனை ‘வெள்ளை முயல்’ என்று நகையாடி, பழுதுபடாத உட்பகுதியை மாத்திரம் உண்பார்களாம்.

இரண்டாம் உலகப் போரில் இவ்வாறு கடலடி சென்ற ஜேர்மானியருள் ஏறத்தாழ நால்வரில் மூவர் கரை மீளவில்லை. குளிர்ந்துகிடந்த அவ்வடுப்பின்முன் நெஞ்சு கனத்து நின்றேன். அவர்கள் மூழ்கடித்த வணிகக் கப்பல்களிலும் அடுப்புகள் எரிந்தனவன்றோ!