சிதம்பரத்து வீட்டுக்கு ஒரு சாவி

சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பக்கத்தில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில். ஐப்பசி மழை பிடித்தால் வாசலில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்காமல் இருப்புக்கொள்ளாது. அதற்காகக் கேமரா மாட்டியவர் ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டுப் போனார். கைபேசியில் வாசல் தெரிந்தது. வீட்டுக் கதவும் திறந்துகிடந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே முகவரி, எத்தனையோ அறைகள். ஓர் அறையிலிருந்து கடிதம் போனால் வாயிற்காவலர் குறித்துவைத்து, பதிலை அந்த அறைக்கே அனுப்புகிறார். கேட்காமல் வரும் கடிதம் வாசலோடு நின்றுவிடும். ரவுட்டரும் அப்படித்தான். '8000 என்ற எண்ணுக்கு வருவதெல்லாம் கேமரா அறைக்கு' என்று காவலரின் நோட்டில் எழுதிவைப்பதே போர்ட் ஃபார்வர்டிங். கடிதத்தை அனுப்பியது யார் என்று அவர் அதன்பின் பார்ப்பதில்லை.

பார்க்காததன் விலையை உலகம் 2016இல் கொடுத்தது. மிராய் என்ற தீநிரல் இணையம் முழுக்கக் கதவு தட்டி, ஆலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. கையில் இருந்தது அறுபத்துச் சொச்சம் கடவுச்சொற்கள்தான். அந்தப் படையை ஏவி அக்டோபர் 21 அன்று ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களையே பலரால் எட்ட முடியாமல் செய்துவிட்டார்கள்.

சிலருக்கு போர்ட்டைத் திறந்தாலும் எதுவும் நடக்காது. இணையத்தின் பழைய முறையான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. 2011 பிப்ரவரியில் மையக் கையிருப்பு தீர்ந்தது. அதனால் இணையச் சேவை நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்தப் பங்காளி. நிலையான ஐபி கேட்டு வாங்க வேண்டும், அல்லது ஐபிவி6 வழியாகப் போக வேண்டும்.

கேமராவின் போர்ட்டை மூடிவிட்டு வயர்கார்டு விபிஎன் வைத்தேன். ரவுட்டரில் அந்த வசதி இல்லாததால், வீட்டிலேயே ஒரு சின்னக் கணினியில். இப்போது திறந்திருப்பது 51820 என்ற போர்ட் மட்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதன் மௌனம்: சரியான சாவி இல்லாமல் தட்டினால் பதிலே வராது, தட்டுகிறவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. சாவியோடு வந்தால், மஞ்சக்குப்பத்துக் கைபேசி சிதம்பரத்து வீட்டுக்குள் இருப்பதுபோலவே ஆகிவிடும். இடையில் போவதெல்லாம் மறையாக்கப்பட்டது.

கருவிகள் தாமாகவே போர்ட் திறக்கும் யூபிஎன்பி வசதியையும் அணைத்துவிட்டேன். தம்பிக்குத் தனிச் சாவி. அவன் கைபேசி தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் நீக்கினால் போதும். மற்றவர்களுடையது அப்படியே இருக்கும்.