வந்து மறையும் பழுது: பழைய ஜீப் வண்டியின் தானியங்கிக் கியர்பெட்டி

வைத்தியர் முன் சென்று அமர்ந்தவுடன் இருமல் நின்றுவிடும் நோயாளிகள் உண்டு. மோட்டார் வண்டிகளுக்கும் இத்தகைய நோய்கள் வருவதை வண்டியோட்டுவோர் நன்கு அறிவர். காலையில் செம்மையாக ஓடிய வண்டி, நண்பகலில் ஓரிடத்தில் நின்று புறப்படும்போது பாரவண்டி இழுக்கும் கிழமாடுபோல் தயங்கும். பட்டறைக்குக் கொண்டு சென்றாலோ, ஒரு குறையுமின்றி ஓடிக் காட்டும். இரண்டு மூன்று முறை இவ்வாறு நிகழ்ந்தபின், கியர்பெட்டியே கெட்டுவிட்டது என்று தீர்ப்பளிக்கப்படுகிறது. பெருஞ்செலவில் அதனை மாற்றிய பின்னரும் பழைய பழுது திரும்பி வருமானால், குற்றமற்ற ஒன்று தண்டிக்கப்பட்டது என்பது அப்போதுதான் தெரியவரும். பட்டணத்தில் இது பணநட்டத்தோடு போய்விடும். ஆள் நடமாட்டமற்ற மலைப்பாதையில் இதே பழுது தலைகாட்டினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இதனை ஆராய்வதற்கு அமெரிக்க நாட்டு ஜீப் செரோக்கி வண்டியை உதாரணமாகக் கொள்வோம். 1984 முதல் 2001 வரையிலான மாதிரிகளாக ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரில் உற்பத்தியான இவ்வகை, காட்டுப் பாதையிலும் ஆற்றுப் படுகையிலும் செல்லவல்லது. 1987-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து, ஆறு சிலிண்டர்களும் 4.0 லிட்டர் கொள்ளளவும் உடைய எஞ்சினோடு, ஏ.டபிள்யூ.4 என்னும் நான்கு வேகத் தானியங்கிக் கியர்பெட்டி இதில் பொருத்தப்பட்டது. அன்று ஐசின்-வார்னர் எனப் பெயர் பெற்றிருந்த ஜப்பானிய நிறுவனம் அதனைச் செய்தது. டொயோட்டா வண்டிகள் பலவற்றில் உள்ள ஏ340 வகைப் பெட்டிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. செரோக்கி வண்டி நம் நாட்டில் அரிதே. எனினும், எண்ணெயின் அழுத்தமும் மின்சாரத்தின் கட்டளையும் கைகோக்கும் இடம் இப்பெட்டியில் மிகத் தெளிவாகப் புலப்படுவதால், பழுதாய்வு முறையைக் கற்பிப்பதற்கு இது நல்ல மாதிரியாகும்.

தானியங்கிக் கியர்பெட்டியில் ஓட்டுநர் மிதிக்கும் கிளட்ச் இல்லை. எஞ்சினின் சுழற்சியை டார்க் கன்வர்ட்டர் என்னும் உறுப்பு எண்ணெயின் வாயிலாகப் பெட்டிக்குள் செலுத்துகிறது. உள்ளே சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் அமைந்த பற்சக்கரக் கூட்டங்கள் உள்ளன. அவற்றில் எதனைப் பிடித்து நிறுத்துவது, எதனைச் சுழல விடுவது என்பதைப் பொறுத்துக் கியர் மாறும். பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்வது, அழுத்தமூட்டப்பட்ட எண்ணெய். அந்த எண்ணெயை எவ்வழியே அனுப்புவது என்பதை முடிவு செய்பவை இரண்டு சோலனாய்டு வால்வுகள். டார்க் கன்வர்ட்டரை எஞ்சினோடு இறுகப் பூட்டுவதற்கு மூன்றாவது ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதல் கியரில் ஒன்றாம் சோலனாய்டுக்கு மட்டும் மின்னோட்டம் செல்கிறது. இரண்டாம் கியரில் இரண்டுக்கும் செல்கிறது. மூன்றாம் கியரில் இரண்டாவதற்கு மட்டுமே. நான்காம் கியரில் எதற்கும் இல்லை. இரண்டு சாவிகளைத் திறந்தும் மூடியும் நான்கு நிலைகளைப் பெறலாம் என்று வகுப்பில் இரும எண்களைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

இவ்வமைப்பிலிருந்தே ஒரு முக்கியமான முடிவு பெறப்படுகிறது. ஓட்டுநர் கைநெம்புகோலை ‘டி’ நிலையில் வைத்திருக்கும்போது கட்டளை தரும் மின்சாரம் அற்றுப்போனால், பெட்டி நான்காம் கியரில் நிற்கும். முதல் கியரின் விகிதம் 2.80, நான்காவதன் விகிதம் 0.75. ஆகவே, நின்ற இடத்திலிருந்து புறப்படும் வண்டிக்குக் கிடைக்கவேண்டிய திருப்புவிசையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சேரும். எஞ்சின் வலுவிழந்துவிட்டது என்றோ, உள்ளே கிளட்ச் தகடுகள் வழுக்குகின்றன என்றோ ஓட்டுநர் எண்ணுவது இயற்கை. உண்மையில் பெட்டி வழுக்கவில்லை; கட்டளை வரவில்லை, அவ்வளவே.

ஒரு கம்பி மட்டும் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் இக்கணக்கைக் கொண்டே கூறிவிடலாம். ஒன்றாம் சோலனாய்டின் கம்பி அறுந்தால், கியர்கள் 1, 2, 3, 4 என்று வருவதற்குப் பதிலாக 4, 3, 3, 4 என்று வரும். இரண்டாவதன் கம்பி அறுந்தால் 1, 1, 4, 4 என்று வரும். கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதை உணர்ந்து தன் கட்டளையை மாற்றிக்கொள்ளும் நிலைகளில் இவ்வரிசை வேறுபடும். எனினும், ‘ஏதோ உதைக்கிறது’ என்று கூறுவதைவிட, எந்த வேகத்தில் எந்தக் கியருக்குத் தாவியது என்று ஓட்டுநர் குறித்து வைத்தால் பாதி ஆய்வு முடிந்ததாகும்.

அடுத்த படி, மின்சாரத்தையும் யந்திரத்தையும் வேறு பிரித்துப் பார்ப்பது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கென உள்ள ஃபியூஸைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டலாம் என்பது இக்கியர்பெட்டியின் தனிச்சிறப்பு. மின்மூளை உறங்கினாலும், கைநெம்புகோல் எண்ணெய் வழிகளை நேரே திருப்புகிறது: ‘1-2’ நிலையில் முதல் கியரும், ‘3’ நிலையில் மூன்றாவதும், ‘டி’ நிலையில் நான்காவதும் கிடைக்கும். பின்செல்லும் கியரும் வழக்கம்போல் இயங்கும். போக்குவரத்து இல்லாத இடத்தில் ‘1-2’ நிலையில் புறப்பட்டு, வேகம் கூடக் கூட நெம்புகோலை மேலே நகர்த்த வேண்டும். வேகமாகச் செல்லும்போது திடீரெனக் கீழே இறக்குதல் கூடாது. கட்டளைப் பெட்டியின் காவல் இல்லாத அந்நிலையில் எஞ்சின் மிதமிஞ்சிச் சுழன்று கெடும்.

இச்சோதனையில் மூன்று கியர்களும் உறுதியாகப் பற்றினால், பழுது பெரும்பாலும் மின்சாரப் பகுதியில் உள்ளது என்று கொள்ளலாம். ஆனால் இங்கேதான் அவசரக்காரர் தவறுவர். வந்து மறையும் பழுது, சோதனை நடந்த பத்து நிமிடங்களில் வராமலே இருந்திருக்கக் கூடுமன்றோ? எஞ்சின் நன்கு சூடேறிய பின்னர், பழுது வழக்கமாகத் தோன்றும் அதே பாதையில், அதே வெப்பத்தில் சோதனையைப் பலமுறை செய்தாலன்றி அதன் முடிவுக்கு மதிப்பில்லை.

ஆகவே, பழுது நேரும் கணத்திலேயே அது தன் தடயத்தை விட்டுச் செல்லுமாறு செய்வது நன்று. இதற்குச் சில ரூபாய்ச் செலவில் ஓர் உபாயம் உண்டு. இரண்டு சிறு எல்.இ.டி. விளக்குகளை எடுத்து, ஒவ்வொன்றோடும் 1,000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைக்க வேண்டும். பின், கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து இரு சோலனாய்டுகளுக்கும் செல்லும் கம்பிகளுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே இவற்றை இணைத்து முன்பலகையில் வைக்கலாம். சோலனாய்டின் மின்தடை 11 முதல் 15 ஓம் வரை. 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ ஓர் ஆம்பியர் இழுக்கும். விளக்கு இழுப்பதோ அதில் நூறில் ஒரு பங்கு. ஆகவே, அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளைக் கலைப்பதில்லை. விளக்குகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலை உடன் செல்பவருக்கு உரியது. ஓட்டுநரின் கண் பாதையிலேயே இருக்கவேண்டும்.

வண்டி தயங்கும்போது இரண்டு விளக்குகளும் அணைந்திருந்தால், கட்டளையே பிறக்கவில்லை என்று பொருள். பெட்டிக்கு மின்சாரம் வரும் வழி, அதன் தரைத்தொடர்பு, அல்லது அதற்குச் செய்தி தரும் கருவிகள் ஆகியவற்றில் குற்றம் இருக்கலாம். பழைய பெட்டியின் உள்ளே ஈயப் பற்றுகள் வெடித்து, சூட்டில் விலகிக் குளிர்ச்சியில் சேர்வதும் உண்டு. முதல் விளக்கு முறையாக எரிந்தும் வண்டி தயங்கினால், கட்டளை பிறந்தது, நிறைவேறவில்லை என்பது தெளிவு. அப்போது விளக்கு இணைத்த இடத்திற்கு அப்பாலுள்ள கம்பி, இணைப்பான், சோலனாய்டு, எண்ணெய் வழி இவற்றையே நாடவேண்டும்.

செய்தி தரும் கருவிகளுள் முதலில் சந்தேகிக்க வேண்டியது, கைநெம்புகோலின் நிலையை அறிவிக்கும் சாவி. கியர்பெட்டியின் வெளிப்புறத்தில், சேறும் ஆற்றுநீரும் படும் இடத்தில் அது அமர்ந்துள்ளது. நாளடைவில் உள்ளேயுள்ள மசகு இறுகி, செம்பு முனைகளில் களிம்பு ஏறும். நல்வாய்ப்பாக, இச்சாவிக்கு வேறு இரு சாட்சிகள் உள்ளன: ஸ்டார்ட்டர் இயங்க அனுமதிப்பதும், பின்செல்லும் விளக்கை எரியச் செய்வதும் இதுவே. நெம்புகோலைச் சற்று அசைத்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, பின்விளக்கு மினுக்குகிறது என்று ஓட்டுநர் வேறொரு குறையாகக் கூறுவது, பெரும்பாலும் இதே குறையின் மறுமுகமே. பலமுறை சாவியைத் திறந்து துடைத்துப் புதுமசகு இட்டாலே அது பிழைத்துவிடும்.

ஆக்ஸிலரேட்டரின் நிலையை அறிவிக்கும் உணர்கருவி, உள்ளே தேய்ந்துபோகக் கூடிய தடம் ஒன்றைக் கொண்டது. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் செல்லும் வண்டியில் தடத்தின் ஒரே இடம் மீண்டும் மீண்டும் தேயும். அவ்விடத்தில் செய்தி கணநேரம் அறுபட, கியர் காரணமின்றி ஏறியிறங்கும். எண்ணைக் காட்டும் மீட்டரைவிட முள் உள்ள பழைய மீட்டர் இங்கு மேலானது. மிதியை மெல்ல அழுத்தும்போது முள் வழுவழுப்பாக நகரவேண்டும். ஓரிடத்தில் துடித்தால் பழுது அகப்பட்டது.

நெடுஞ்சாலையில் ஒரே சீராகச் செல்லும்போது எஞ்சினின் சுழற்சி சில நூறு கூடிக் குறைவதைக் கியர் மாற்றம் என்று பலர் கருதுவர். மூன்றாம் சோலனாய்டு டார்க் கன்வர்ட்டரைப் பூட்டுவதும் விடுவதுமாக இருந்தாலும் இவ்வாறே தோன்றும். பிரேக் மிதித்தவுடன் இப்பூட்டு விடுபடவேண்டும் என்பதற்காகப் பிரேக் விளக்கின் சாவி கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைக்கப்பட்டுள்ளது. அச்சாவி சற்று இடம்பிசகினாலும், மேடுபள்ளத்தின் அதிர்ச்சியில் பெட்டி ஏமாந்து பூட்டை விட்டுவிடும். இரவில் வேறொருவர் பின்னே வந்து, மிதிக்காதபோது பிரேக் விளக்கு மின்னுகிறதா என்று பார்த்தால் போதும்.

ஃபியூஸ் இல்லாமலும் வண்டி வழுக்குமானால், மின்சாரத்தை விட்டு எண்ணெய்க்குச் செல்லவேண்டும். மேட்டில் ஏறும்போது மட்டும் வழுக்கி, சமதளத்தில் சரியாகிவிடும் பழுது, அளவு குறைந்த எண்ணெயின் அடையாளமாகலாம்: சரிவில் எண்ணெய் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சும், காற்று கலந்த எண்ணெய்க்கு அழுத்தம் தாங்கும் திறன் இல்லை. அளவுகோலில் தொட்டுப் பார்க்கையில் கருகிய மணம் வீசினால் தகடுகள் தீய்ந்துள்ளன. பால் கலந்தாற்போல் வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால், ஆற்றைக் கடக்கையில் மூச்சுக்குழாய் வழியாகவோ, ரேடியேட்டரில் உள்ள குளிர்விப்பானின் கசிவு வழியாகவோ நீர் புகுந்திருக்கிறது. தகடுகளின் உராய்வுப் பூச்சை ஒட்டியுள்ள பசை நீரில் கெடும் தன்மையது. ஆகையால், அத்தகைய வண்டியை மேலும் ஓட்டாமல் நிறுத்தி, நீர் வந்த வழியை அடைத்த பின்னரே எண்ணெயை மாற்றவேண்டும்.