பாஸ் புத்தகத்தில் என் பெயர்... பணம் யாருக்கு?

எங்கள் ஊர் ஆத்தூர், வெற்றிலைக்குப் பேர் போனது. அப்பாவுக்கும் கொடிக்கால்தான் பிழைப்பு. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அண்ணன் சென்னையில், தம்பி திருப்பூரில். அதனால் உள்ளூரிலேயே வாக்கப்பட்ட என்னை அப்பா தன் பேங்குக் கணக்கில் ஜாயின்டாகச் சேர்த்திருந்தார்.

அப்பா தவறிப் பதினாறு கழிந்த மறுநாள் மதினி கேட்டார், "பாஸ் புத்தகத்துல உம்பேருதானே இருக்கு, அப்ப பணம் பூரா உனக்குத்தானா?" என்று. எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால், நானும் மனசுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு அலைந்தது நான்தானே!

பேங்கில் விசாரித்தேன். "கணக்கு 'ஐதர் ஆர் சர்வைவர்', அதாவது இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர் என்று இருக்கிறது. இறப்புச் சான்றிதழ் கொடுங்கள், பணத்தை உங்களிடமே தந்துவிடுவோம். ஆனால் கையில் தருவது வேறு, சொந்தமாவது வேறும்மா" என்றார் அதிகாரி. பணம் முழுக்க அப்பா போட்டது. உயில் இல்லை. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. இறந்தவரின் தாயார் இருந்தால் அவருக்கும் உண்டு. எங்கள் வீட்டில் நாலு பங்கு.

நாமினியும் இப்படித்தானாம். பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர்தான் நாமினி, அவரே சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று 2010-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் போட்டிருந்த டெபாசிட்தான் எங்களைப் படுத்திவிட்டது. அதில் 'இருவரும் சேர்ந்து' என்று எழுதியிருந்தது. நாமினியும் இல்லை. தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மூன்று பிள்ளைகளும் அம்மாவோடு வந்து கையெழுத்துப் போட்ட பிறகே பணம் கைக்கு வந்தது. அதுவரை மருந்துச் செலவுக்குக்கூட அம்மா எங்கள் கையை எதிர்பார்த்து இருந்தார்.

பேங்கில் சொன்னதை நான் அண்ணன், தம்பியிடம் மறைக்காமல் சொன்னேன். பாஸ் புத்தகத்தையும் நடுவில் வைத்தேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அண்ணன்தான், "எல்லாம் அம்மா பேருலயே கெடக்கட்டும்" என்றான். அப்படியே செய்தோம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம் என்பதால் பிள்ளைகள் மூன்று பேரையும் போட்டாயிற்று.

சகோதரிகளே, இன்றைக்கே வீட்டுப் பாஸ் புத்தகத்தையும் டெபாசிட் ரசீதையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் இருக்கிறதா, 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று இருக்கிறதா, நாமினி யார்? இல்லையென்றால், பெரியவர்கள் நன்றாக இருக்கும்போதே மாற்றச் சொல்லுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கேட்டுவிடுங்கள்.

அன்றைக்கு மதினியின் கேள்விக்கு நான் முறுக்கிக்கொண்டு போயிருந்தால் பணம் என்னிடம் இருந்திருக்கும், பிறந்த வீடு போயிருக்கும். இந்த வருஷமும் பொங்கல்படி கொண்டு வந்தது அதே மதினிதான்.

- ஒரு வாசகி, ஆத்தூர், தூத்துக்குடி மாவட்டம்.