பார்க் யார் பெயரில் இருக்கிறது?

2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோன ரயில், 2023 ஜூன் 15 அன்று போடிநாயக்கனூருக்குத் திரும்பி வந்தது. ஏலக்காய் ஏல மையமும் போடிமெட்டு வழியாக மூணாறு போகும் நெடுஞ்சாலையும் முன்பே உண்டு. மனை விற்பவர்களுக்குச் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது.

‘முப்பதடி ரோடு, பார்க், தெருவிளக்கு, மலைக்காற்று’ என்று நோட்டீஸ் நீட்டுவார்கள். மலைக்காற்றுக்குப் பத்திரம் வேண்டாம். ரோட்டுக்கும் பார்க்குக்கும் வேண்டும்.

பெரிய மனைப்பிரிவில் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. அதையும் சாலைகளையும் மனைப்பிரிவு போட்டவர் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ தானப்பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காத பார்க், பிறகு நாலைந்து மனைகளாகி விலைக்கு வரலாம். சாலையை ஒப்படைக்காவிட்டால் சாக்கடைக்கும் விளக்குக்கும் உள்ளாட்சியை நெருக்கிக் கேட்பது கடினம்.

‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டிடிசிபியின், ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி மட்டும் மனைப்பிரிவை அங்கீகரிக்க முடியாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, மாநிலம் முழுக்கப் பலர் கையில் பணமும் பத்திரமும் முடங்கின. 2017 மே மாதம் வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்குத்தான். நீர்வழியில் விழுந்த மனைகளுக்கு அதிலும் இடமில்லை.

மலையடிவாரத்தில் இது முக்கியம். கோடையில் வறண்ட பள்ளமாகத் தெரிவது, புலப்படத்தில் ஓடையாக இருக்கக்கூடும். மனை இருக்கும் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருந்தால், பட்டா நிலமே ஆனாலும் மனைப்பிரிவு போடத் தனி அனுமதி வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். வில்லங்க விவரம் பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும்.

ஏமாந்துவிட்டால் வழி இல்லாமல் இல்லை. 500 சதுர மீட்டரைத் தாண்டிய, எட்டு மனைகளுக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. நோட்டீஸில் சொன்னது பொய் என்றால், வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆணையத்தில் புகார் செய்யலாம். எனவே அந்த நோட்டீஸைக் கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்துங்கள்.

பார்க் பறிபோனால் தெருக்காரர்களே வழக்குப் போடலாம். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் ஒரு தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுக்கப்பட்டது. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. பூங்கா காக்கப்படுவதில் சுற்றி வசிப்பவர்களுக்கு உரிமை உண்டு என்பதையும் அது ஏற்றது.

முன்பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: டிடிசிபி ஒப்புதல் எண், ரெரா பதிவு எண், சாலைக்கும் பார்க்குக்குமான தானப்பத்திர நகல். இழுத்தடித்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி உள்ளாட்சி அலுவலகத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதுவரை மனை காத்திருக்கட்டும்.