மவுண்ட் ரோயலுக்கு அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ

மொன்றியலுக்கு வாற விருந்தாளிகளை நாங்கள் எல்லாரும் மவுண்ட் ரோயலுக்குக் கூட்டிக்கொண்டு போறம். வீட்டில இருக்கிற அம்மம்மாவைத்தான் விட்டுட்டுப் போறம். கேட்டால், "அவவுக்கு முழங்கால் ஏலாது."

என்ட அம்மா எண்பதுகளில் வந்து, அந்த மலையின் அடியிலேயே, கோட்-டெ-நேஜில் பதினைந்து வருஷம் இருந்தவ. பகலில் தையல் ஃபக்டரி, இரவில் துப்புரவு வேலை. மேலே ஏற அப்போது நேரமில்லை. நேரம் வந்தபோது முழங்கால் விடவில்லை. போன ஒக்டோபரில் கேட்டபோதும், "கீழ நிண்டு பாத்தது காணும் பிள்ளை" எண்டுதான் சொன்னா.

ஆனால் இந்தப் பூங்கா படிக்கட்டை நம்பி வரையப்பட்டதல்ல. நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஃபிரெட்ரிக் லோ ஒல்ம்ஸ்டெட்தான் இதையும் வரைந்தவர். 1876 இல் திறந்தார்கள். குதிரை வண்டிகளுக்காகப் போட்ட அவருடைய பாதை காட்டுக்குள்ளால் வளைந்து வளைந்து மெல்ல ஏறுகிறது. ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு போற பெற்றோருக்கு இது தெரியும். முழுத்தூரம் நடக்க ஏலாதவர்களுக்கு இன்னும் சுலபம்: மோன்-றுவயால் மெட்ரோவில் 11 ஆம் இலக்க பஸ் எடுத்து பீவர் லேக்கில் இறங்கினால் பாதி ஏற்றம் முடிந்துவிடும்.

நாங்கள் அப்படித்தான் போனோம். வாங்கு கண்ட இடமெல்லாம் இருந்தோம். இலையெல்லாம் கொட்டி, மேப்பிளும் ஓக்கும் காலுக்குக் கீழே சரசரத்தது. "இது 233 மீட்டர்தான் அம்மா, இதைப் போய் மலை எண்டினம்" என்றேன். "எங்கட கீரிமலையில அதுவும் இல்லையே" எண்டு சிரிச்சா. மலையே இல்லாத ஊருக்கு மலை எண்டு பேர் ஏன் வந்தது என்று மகள் கேட்க, கீரிமுக முனிவர் கேணியில் குளிச்சு மனித முகம் பெற்ற கதை தொடங்கியது. எனக்கே அதை முழுதாகக் கேட்டது அண்டைக்குத்தான்.

நகரம் முழுக்கத் தெரியும் மேடைக்கு கொண்டியாரொங்க் என்று பேர். அவர் வெண்டாட் மக்களின் தலைவர். 1701 இல் இங்கே ஏறத்தாழ நாற்பது பழங்குடி நாடுகள் பிரெஞ்சுக்காரரோடு உடன்படிக்கை செய்தபோது, அதற்காகப் பாடுபட்டவர். கையெழுத்தாகும் முன்பே, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கையில் இறந்துபோனார். மகள் பள்ளிக்கூடத்தில் படித்ததை பிரெஞ்சில் கடகடவென்று சொன்னாள். "அம்மம்மாவுக்குத் தமிழில சொல்லு" என்றேன். தொடங்கி, 'லா பே' என்ற இடத்தில் சொல் இல்லாமல் நின்றாள். எனக்கு வாய்க்கு வர முதல் அம்மா சொன்னா: "சமாதானம்."

பிறகு கன நேரம் அந்தக் கம்பியைப் பிடிச்சபடி, தான் வேலை செய்த ஃபக்டரி எந்தப் பக்கம் எண்டு பேத்திக்குக் காட்டிக்கொண்டு நிண்டா.

போறவர்களுக்கு: மேடைக்குப் பின்னால் 1932 இல் கட்டின ஷலேயில் கழிவறை உண்டு. நவம்பருக்குப் பிறகு பாதை உறைந்து வழுக்கும். வயசானவர்களோடு மே முதல் ஒக்டோபர் வரை போவதே நல்லம். வடையும் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு போங்கோ. ரக்கூன்கள் கிட்ட வந்து கெஞ்சும். அதுகளுக்குப் போடத் தடை.