கைலியில் இல்லாத கத்தரிப்பூ

பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். கதவோரம் ஆணியில் அழுக்குத் துணி போட்டு வைக்கும் பை ஒன்று தொங்கியது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் வாங்கி வந்ததாம். பை முழுக்க ஒரு படம்: பனி மூடிய துறைமுகம், சின்னச் சின்னப் படகுகள், நடுவே ஆரஞ்சுப் பழம் போல ஒரு சூரியன். "நல்ல படந்தான். ஆனா தண்ணி பட்டு சாயம் ஊறிடுச்சு போல. எல்லாம் கலங்கலா இருக்கு பாரு" என்றார் அந்த வீட்டு அக்கா.

நியாயமான சந்தேகம். ஆனால் சாயம் ஊறவில்லை, படமே அப்படித்தான். கிளாட் மோனே 1872-இல் பிரான்ஸின் லெ ஹாவ்ர் துறைமுகத்தைப் பார்த்து வரைந்தது. பெயர் 'இம்ப்ரெஷன், சூரியோதயம்'. 1874-இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது லூயி லெருவா என்ற விமர்சகர் அந்தத் தலைப்பையே பிடித்துக்கொண்டு கேலியாக எழுதினார். இம்ப்ரெஷனிசம் என்ற பெயர் நிலைத்தது அதிலிருந்துதான். கலங்கலாக இருக்கிறது, முடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்பதுதான் அன்றைக்கும் புகார். அந்தப் படம் ஒரு துணிப் பைக்கு எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

பை பாலியஸ்டர். இந்த மாதிரிப் பைகளில் பெரும்பாலும் படத்தை முதலில் தாளில் அச்சடித்து, துணிமேல் வைத்து, சுமார் 200 டிகிரி சூட்டில் அழுத்துவார்கள். கற்பூரம் உருகித் தண்ணீராகாமல் நேராக ஆவியாகிக் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறோம் இல்லையா? இந்தச் சாயமும் அப்படித்தான். ஆவியாகி, சூட்டில் இளகிய இழைக்குள் நுழைந்துகொள்ளும். ஆறியதும் இழை இறுகி, சாயம் உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் தடவிப் பார்த்தால் கையில் ஒன்றும் தட்டுப்படாது. எத்தனை முறை துவைத்தாலும் லேசில் போகாது. வெயிலில் கிடந்தால் மெல்ல வெளுக்கும், அவ்வளவுதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். நாம் எல்லோருமே ஒன்றை நம்புகிறோம். ஓர் இடத்தில் ஒரு நிறம் தெரிந்தால், அந்த நிறச் சாயம் அந்த இடத்தில் இருக்கிறது என்று. இதைச் சரிபார்க்கப் பாரிஸ் போக வேண்டியதில்லை. வாசலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணன் கட்டியிருந்த கைலியே போதும்.

சிவப்பும் நீலமும் கலந்த கட்டம். கட்டங்களை எண்ணினால் மூன்று நிறம் வருகிறது: சிவப்பு, நீலம், பிறகு ஒரு கருங்கத்தரிப்பூ நிறம். கைலி முனையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பாருங்கள். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நூல்கூடக் கிடையாது. சிவப்புப் பாவை நீல ஊடை கடக்கும் இடத்தில், ஒரு புள்ளி சிவப்பு, அடுத்த புள்ளி நீலம் என்று சதுரங்கப் பலகை போல மாறி மாறி வருகிறது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் கண்ணால் அந்தப் புள்ளிகளைப் பிரிக்க முடிவதில்லை. கண் இரண்டையும் சேர்த்து ஒரே நிறமாக நமக்குக் காட்டிவிடுகிறது. உப்பையும் மிளகுத்தூளையும் கலந்து வைத்தால் எட்டத்திலிருந்து சாம்பல் நிறமாகத் தெரியுமே, அதே கதை.

நெசவாளிக்கு இது கொள்ளை லாபம். இரண்டு நூலுக்குச் சாயம் போட்டால் மூன்று நிறம் கிடைக்கிறது. சோழமண்டலக் கரையில் சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. நூலுக்கு முதலிலேயே சாயமேற்றி நெய்த கட்டத் துணி இந்தத் துறையிலிருந்து கப்பலேறியது. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது இந்தத் துணி வியாபாரத்துக்காகத்தான். துணியைக் கிழக்கே தீவுகளில் கொடுத்து வாசனைச் சரக்கு வாங்கினார்கள். மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். இலங்கையில் 'பளயகட்' சாரம். பழவேற்காட்டின் பெயரை இடுப்பில் கட்டிக்கொண்டு எத்தனையோ பேர் நடமாடுகிறார்கள்.

பைக்குத் திரும்புவோம். அந்தச் சூரியனைப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கினோம். ஆரஞ்சு மை என்று தனியாக எதுவும் இல்லை. மஞ்சள் புள்ளி, ரோஸ் புள்ளி, பக்கத்துப் பக்கத்தில். இந்த மாதிரி அச்சில் பொதுவாக மஞ்சள், ரோஸ், நீலம், கறுப்பு என்று நான்கே மைகள்தான். மற்றதெல்லாம் கண் கூட்டிக்கொள்வது. போன் திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் மினுமினுக்கும். அதுவும் இதே கணக்கு.

நிறத்தைச் சாயம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்ற இந்த விஷயம் மோனே காலத்து ஓவியர்களுக்கு வந்து சேர்ந்த வழிகளில் ஒன்று ஒரு சாயப்பட்டறை. பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்றவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார். வேறு இடத்து நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. அந்தக் கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் சோபை இழந்து தெரிந்தது. கடையில் புடவையோடு வைத்துப் பார்த்தபோது எடுப்பாக இருந்த பிளவுஸ் துணி, வீட்டுக்கு வந்து தனியாகப் பிரித்தால் வேறு நிறமாகத் தெரியும். எல்லோர் வீட்டிலும் நடந்திருக்கும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்து நிறம் செய்த வேலை. ஷெவ்ரல் இதையெல்லாம் 1839-இல் புத்தகமாகவே போட்டார். ஓவியர்கள் அதைப் படித்தார்கள்.

மோனேயின் சூரியன் ஏன் அப்படித் தகிக்கிறது என்று இப்போது புரியும். ஆரஞ்சுக்கு நேர் எதிர் நிறம் நீலம். சுற்றிலும் நீலச் சாம்பலைப் பூசி நடுவில் ஒரு துளி ஆரஞ்சை வைத்தார். தண்ணீரில் விழுந்த வெளிச்சத்தையும் குழைத்துத் தேய்க்காமல் தனித்தனிக் கீற்றுகளாக இழுத்தார். அந்தச் சூரியன் உண்மையில் பக்கத்து வானத்தைவிட வெளிச்சமானதே இல்லை. நம்ப முடியவில்லை என்றால் போனில் அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நாங்கள் மாற்றினோம். சூரியன் காணாமல் போய்விட்டது! வானத்தின் சாம்பலோடு சாம்பலாகக் கரைந்துவிட்டது. அக்கா போனை வாங்கி இரண்டு முறை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

பிறகு பையை ஆணியிலிருந்து எடுத்து, எதிர்ச் சுவரில் கட்டியிருந்த கொடியில் மாட்டினோம். பத்தடி தள்ளி நின்றார். கிட்டத்தில் வெறும் கறுப்புத் தீற்றலாக இருந்தது அங்கிருந்து படகாகிவிட்டது. அதில் நிற்கும் ஆளும் தெரிந்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோலு ஊணலியே, துடுப்புதான் போடறான்," என்றார். "அப்போ அங்க நம்ம ஏரியாட்டம் இல்ல. ஆழம் இருக்கு."